சீனத்து மஞ்சள் பூவின் காவிரிக்கரைச் சொந்தங்கள்

குத்தாலம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வட்டாரத்தில் சிங்கப்பூர்த் தொடர்பு இல்லாத தெருவைக் காண்பது அபூர்வம். அங்கிருந்து யாராவது ஊருக்கு வந்தால் பெட்டிக்குள் சாக்லெட்டுக்கும் சோப்புக்கும் நடுவில் கோடாலித் தைலம் கண்டிப்பாக இருக்கும். தலைவலி, மூக்கடைப்பு, பேருந்தில் வரும் குமட்டல், பாட்டியின் முழங்கால் வலி, எல்லாவற்றுக்கும் அந்தச் சின்னக் கண்ணாடிப் புட்டிதான். 1928-ல் சிங்கப்பூரில் லியுங் யுன் சீ என்ற சீன வணிகர் தொடங்கிய சரக்கு அது. (அந்தச் சீனத் தைலத்தின் செய்முறையை அவருக்குக் கொடுத்தவர் ஒரு ஜெர்மன் டாக்டர் என்பது தனிக்கதை.)

சீன மருந்து என்ற பெயரில் இப்போது புதிதாக வந்திருப்பது டான்டெலியன் டீ. இணையக் கடைகளில் பொட்டலம் பொட்டலமாகக் கிடைக்கிறது. மேலே மஞ்சள் பூப் படம். பூவுக்குக் கீழே ‘கல்லீரலைச் சுத்தப்படுத்தும்’, ‘டீடாக்ஸ்’, ‘ஆயிரமாண்டு சீன வைத்திய ரகசியம்’ என்று வரிசையாக வாசகங்கள். கொழுப்புக் கல்லீரல் என்று ஸ்கேன் ரிப்போர்ட் கையில் வாங்கிய எவருக்கும் கை தானாக அந்தப் பொட்டலத்தை நோக்கிப் போகும்.

ஆனால் சீனர்களின் பழைய மருத்துவ நூல்களைப் புரட்டினால் கதை வேறாக இருக்கிறது. அவர்கள் இந்தச் செடியை முதன்மையாகக் கல்லீரலைக் கழுவுவதற்காக எடுத்துவைக்கவில்லை. வீக்கத்துக்கும் சீழ்க்கட்டிக்கும்தான் வைத்திருந்தார்கள்.

சீனத்தில் இதற்குப் பெயர் புகோங்யிங். தரையோடு படிந்த இலைகள், ஓரம் ரம்பப் பல். நடுவிலிருந்து இலையே இல்லாத குழல் போன்ற காம்பு எழும்பும். காம்புக்கு ஒரே பூ. எங்கே கிள்ளினாலும் பால் வடியும். பூ முற்றினால் வெள்ளைப் பஞ்சுருண்டையாகி, ஊதினால் விதைகள் குடை பிடித்துப் பறக்கும். வேர் ஆணியடித்தாற்போல் நேராக இறங்கும். குளிர் நாட்டுச் செடி இது. இமயச் சரிவுகளில் தாராளமாக உண்டு. காஷ்மீரில் ‘ஹந்த்’ என்று கீரையாகவே சமைத்து, பிரசவித்த பெண்களுக்குக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் பார்க்க வேண்டுமானால் நீலகிரி மாதிரி மலையேற வேண்டும். காவிரிக் கரை வெயில் அதற்கு ஒத்துவராது.

சீன மருத்துவ மரபில் சுன் சிமியாவ் என்ற பெயருக்கு இங்கே அகத்தியர் பெயருக்கு இருக்கும் மரியாதை. ஏழாம் நூற்றாண்டுக்காரர். அவருடைய ‘ஆயிரம் பொன்’ மருத்துவ நூலில் தனக்கே நேர்ந்த ஒரு சங்கதியை நாள் கிழமையோடு குறித்து வைத்திருக்கிறார். 631-ஆம் ஆண்டு, ஏழாம் மாதம், பௌர்ணமி இரவு. முற்றத்து மரத்தில் இடதுகை நடுவிரலின் பின்பக்கத்தை இடித்துக்கொண்டார். விடிவதற்குள் பொறுக்க முடியாத வலி. பத்து நாளில் புண் பெரிதாகி, வெந்த சிவப்புப் பயறின் நிறத்துக்கு வந்துவிட்டது. பெரியவர்கள் சொல்லக் கேட்ட ஞாபகத்தில் புகோங்யிங் செடியின் வெள்ளைப் பாலை எடுத்துத் தடவினார். தடவியதும் வலி விட்டது, பத்து நாளுக்குள் புண் ஆறியது என்கிறார். பெரிய வைத்தியர் ஒருவர் கைவைத்தியத்தை நம்பித் தன் விரலிலேயே சோதித்துப் பார்த்து, தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறார் என்பதுதான் இதில் ரசமான விஷயம். ஒரே ஒரு விரல் என்பதை மறக்கக்கூடாது என்பதும் உண்மை.

அடுத்து 659. தாங் பேரரசின் ஆணைப்படி சு ஜிங் தலைமையில் ஒரு குழு கூடி, சுமார் 850 மருந்துப் பொருள்களைத் தொகுத்தது. அரசே முன்னின்று வெளியிட்ட மருந்து நூல். யுவான் சுவாங் காஞ்சிபுரம் வந்துபோய் இருபது வருஷம்கூட ஆகவில்லை. பல்லவ நாட்டில் நரசிம்மவர்மன் ஆண்டுகொண்டிருந்த காலம். அந்த நூலில்தான் புகோங்யிங் முதன்முதலாக மருந்துப் பட்டியலில் ஏறுகிறது. பெண்களுக்கு மார்பில் வரும் கட்டிக்கும் வீக்கத்துக்கும் இதை நீரில் காய்ச்சிக் குடிக்கவும் அரைத்துப் பற்றுப் போடவும் சொல்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பயன்தான் முதலிடத்தில் நிற்கிறது. தாய்ப்பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகி, சிவந்து, காய்ச்சலடிக்கும் நிலைக்குச் சீன வைத்தியர் முதலில் தேடும் செடி இதுதான்.

1742-ல் அரசவை மருத்துவர்கள் தொகுத்த நூலில் ‘ஐஞ்சரக்கு நச்சு முறிப்பான்’ என்று சொல்லத்தக்க கஷாயம் ஒன்று இருக்கிறது. புகோங்யிங்கோடு ஹனிசக்கிள் மொட்டு, காட்டுச் சாமந்தி, இன்னும் இரண்டு மூலிகைகள். கொப்புளம், சீழ்க்கட்டி, முகப்பரு என்று இன்றும் சீன மருத்துவமனைகளில் எழுதித் தருகிறார்கள். இன்றைய சீன அரசின் மருந்தேடு உலர்ந்த முழுச் செடியில் நாளைக்கு 10 முதல் 15 கிராம் வரை என்று அளவு வகுத்திருக்கிறது. அளவு மீறினால் வயிற்றோட்டம்.

அவர்கள் கணக்கில் இது கசப்பும் இனிப்பும் கலந்த, குளிர்ச்சியான சரக்கு. உடம்பில் ஏறிய சூட்டையும் நஞ்சையும் தணிக்கும். நம்மூரில் இதை விளக்கவே வேண்டாம். சூட்டு உடம்பு, குளிர்ச்சி உடம்பு என்று பேசிப் பேசியே வளர்ந்த மண். வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கும் டெல்டாக்காரர், கண் பொங்கிச் சிவந்தால் புகோங்யிங் கஷாயம் குடிக்கும் கான்டன்காரரிடம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசிவிடலாம்.

மார்பில் பால் கட்டுவதற்குத் தமிழ்நாட்டுப் பெண்கள் தேடியதும் ஒரு பூவைத்தான். மல்லிகை. குழந்தை தங்காமல் போன தாய்க்குப் பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டுவது பழைய வழக்கம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்காமல் சோதனைக்கு எடுத்தார்கள். பால் சுரப்பை நிறுத்தத் தரும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு மல்லிகையை ஒப்பிட்டு 1988-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டுமே ரத்தத்தில் புரோலாக்டின் ஹார்மோனைக் குறைத்தன. மாத்திரை கூடுதலாகக் குறைத்தது. பால் சுரப்பு அடங்கியதில் மல்லிகை மாத்திரைக்குப் பெரிதாகச் சளைக்கவில்லை. ஒரு கைவைத்தியத்தை எப்படி விசாரிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். புகோங்யிங்குக்கு ஆயிரத்து முந்நூறு வருஷப் புகழ் இருந்தும், இந்த மாதிரி நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த தரமான சோதனைகள் மிகக் குறைவு.

அப்படியானால் ‘கல்லீரல் சுத்தம்’ எங்கிருந்து வந்தது?

பாதி ஐரோப்பாவிலிருந்து. அங்கே இதன் வேரையும் இலையையும் பித்தநீர் சுரக்க, பசி எடுக்க, சிறுநீர் பிரிய என்று காலங்காலமாகப் பயன்படுத்தினார்கள். ஐரோப்பிய மருந்து முகமை இன்றும் லேசான செரிமானக் கோளாறுக்கும் சிறுநீர் கூடுதலாகப் பிரியவும் இதை ஏற்கிறது; ஆனால் நீண்டகாலப் பழக்கத்தில் இருக்கிறது என்ற அடிப்படையில் மட்டும். மீதிப் பாதி, சீன நூல்களில் இது ‘கல்லீரல், இரைப்பை நாடிகளுக்குள் போகும்’ என்று எழுதியிருப்பதை அப்படியே எடுத்துப் பொட்டலத்தில் அச்சிட்டதால் வந்தது. அந்த நாடிகள் மார்பு வழியாகப் போவதாகச் சீனர்கள் வகுத்தார்கள். மார்புக் கட்டிக்கு இது கேட்கும் என்பதற்கான காரணமாகத்தான் அதைச் சொன்னார்கள். ஸ்கேனில் தெரியும் கல்லீரலுக்கும் அதற்கும் சம்பந்தம் தூரத்து உறவு.

ஆய்வகத்தில் இந்தச் செடி செய்யாத வித்தை இல்லை. கனடாவின் வின்ட்சர் பல்கலைக்கழகத்தில் சியாராம் பாண்டே குழுவினர் வேர்ச்சாற்றைப் புற்றுநோய் செல்களின் மேல் விட்டுப் பார்த்தார்கள், செல்கள் மடிந்தன. 2021-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் ஆய்வாளர்கள் இலைச்சாறு கொரோனா வைரஸின் முள் புரதத்தை மனித செல்லில் ஒட்டவிடாமல் தடுப்பதாகக் கண்டார்கள். அந்தச் செய்தி உலகம் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. இரண்டுமே கண்ணாடித் தட்டில் நடந்தவை. மனிதர்களிடம் என்று பார்த்தால் 2009-ல் வெளியான ஒரு சிறிய சோதனை: 17 பேர் ஒரே ஒரு நாள் இலைச்சாறு குடித்தார்கள், முதல் வேளைக்குப் பிறகு அடிக்கடி சிறுநீர் கழித்தார்கள். அவ்வளவுதான். பொட்டலத்தின் மேல் இருக்கும் வாசகங்களுக்கு இது போதாது.

கீரையாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுண்ணாம்புச் சத்து, ஏ வைட்டமின், கே வைட்டமின் எல்லாம் நிறைய. வடகிழக்குச் சீனத்தில் வசந்தம் வந்தால் இளம் இலையைப் பச்சையாகவே சோயா விழுதில் தொட்டுத் தின்கிறார்கள். வேரில் இனுலின் என்ற நார்ச்சத்து. வறுத்துப் பொடித்தால் காப்பி மாதிரி இருக்கும். ஐரோப்பாவில் காப்பிக்கொட்டை கிடைக்காத காலத்தில் அதையும் குடித்தார்கள்.

இங்கே டெல்டாக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். குத்தாலத்திலிருந்து மேற்கே ரயிலேறினால் ஆடுதுறை தாண்டிக் கும்பகோணம். அங்கே டிகிரி காப்பியில் கலக்கும் சிக்கரி, டான்டெலியனுக்குப் பங்காளி. இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தில் ஒரே கிளை. இரண்டுக்கும் கிள்ளினால் பால், இரண்டுக்கும் ஆணிவேர், இரண்டிலும் இனுலின். குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விளைந்த வேர் வறுபட்டுப் பொடியாகி எண்பதுக்கு இருபது, எழுபதுக்கு முப்பது என்று கலந்து வருகிறது. கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். ‘சிக்கரி கலக்காத சுத்தக் காப்பி’ என்று பெருமை பேசும் கும்பகோணத்து மூத்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

வரப்பில் கிடக்கும் பங்காளி

பெரிய சொந்தம் காப்பிக் கடையில் இல்லை, வயலில் இருக்கிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து, குறுவை நடவு முடிந்த கையோடு வரப்போரத்தில் தலைகாட்டும் செடி கரிசலாங்கண்ணி. கையாந்தகரை, கரிசாலை, கரிப்பான் என்று ஆளுக்கொரு பெயர். வெள்ளைப் பொட்டு வைத்ததுபோல் சின்னப் பூ. தண்டைக் கிள்ளிவிட்டுச் சற்றுப் பொறுத்தால் கிள்ளிய இடம் கறுத்துவிடும். களை பறிக்கும் பெண்களின் விரல் நுனியில் அந்தக் கறுப்பு சாயங்காலம் வரை இருக்கும். இதுவும் சூரியகாந்திக் குடும்பம்தான்.

புகோங்யிங்கைப் பட்டியலில் ஏற்றிய அதே 659-ஆம் ஆண்டு நூல் கரிசலாங்கண்ணியையும் ஏற்றியது. சீனத்தில் இது ரத்தப்போக்கை நிறுத்தும் சரக்கு; நரையைத் தடுத்து முடியைக் கறுப்பாக்கும் சரக்கு. கோடையின் நெடும்பகலில் பறித்த கரிசலாங்கண்ணியையும், குளிர்காலத்தின் நீண்ட இரவு நாளில் பறித்த பிரிவெட் பழத்தையும் சேர்த்து உருட்டும் மாத்திரை ஒன்று உண்டு. கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஊட்டம் என்று இன்றும் சீன மருந்துக்கடைகளில் விற்கிறது. ஆக, பொட்டலம் தேடும் ‘சீனக் கல்லீரல் மூலிகை’ இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று வாதாடினால் அதில் நியாயம் உண்டு.

தமிழ்நாட்டில் இதன் சரித்திரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தேங்காயெண்ணெயில் காய்ச்சித் தலைக்கு, பருப்போடு கடைந்து சோற்றுக்கு, சாறெடுத்து மைக்கு. மை சேர்ப்பதைப் பார்த்தவர்கள் குறைந்துவிட்டார்கள். வெள்ளைத் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்தி, மறுபடி நனைத்து உலர்த்தி, திரியாகத் திரித்து, விளக்கெண்ணெயில் எரிய விடுவார்கள். மேலே கவிழ்த்த மண்சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, துளி விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் குழந்தைக்குக் கண்மை. (இன்றைய குழந்தை மருத்துவர்கள் கண்ணுக்குள் எந்த மையும் வேண்டாம் என்கிறார்கள், அதைக் கேட்பதே நல்லது.) வடலூரில் வள்ளலார் தினசரி உண்ணச் சொன்ன மூலிகைகளில் முதலில் நிற்பது கரிசாலை, கூடவே தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம். சித்த மருந்துக் கடைகளில் ரத்தச்சோகைக்கும் காமாலைக்கும் கரிசாலை இளகம் இன்றும் நகரும் சரக்கு.

வைத்தியமும் குத்தாலமும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல. தேவாரம் திருத்துருத்தி என்று பாடும் ஊர் இது. சுந்தரர் தம் மேனியில் படர்ந்த நோய் நீங்க இங்கே குளத்தில் முழுகி எழுந்தார் என்பது பெரியபுராணக் கதை. கிழக்கே மயிலாடுதுறையைத் தாண்டினால் சாமியே வைத்தியராக இருக்கும் வைத்தீஸ்வரன் கோயில். மேற்கே தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் நடத்தி, சித்தம், ஆயுர்வேதம், ஆங்கில வைத்தியம் எல்லாவற்றையும் ஒரே கூரையில் வைத்துப் பார்த்தார். கண் நோயாளிகளின் நோய்க்குறிப்புகளைக் கண்ணின் வண்ணப்படத்தோடு எழுதவைத்தார். அவை சரசுவதி மகாலில் இருக்கின்றன. கைகண்ட முறைகள் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்று பின்னாளில் நோய்வாரியாக அச்சேறின. எழுதிவைத்துச் சரிபார்க்கும் பழக்கம் நம் ஊரிலும் இருந்தது என்பதற்கு இது போதும்.

அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி சென்னையில் நடந்தது. மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் டி.ஆர்.கோவிந்தாச்சாரி, மஞ்சள் பூக்கும் பொற்றலைக் கையாந்தகரையை எடுத்துக்கொண்டார். நாகராஜன், பாய் என்ற இரு சகாக்களோடு சேர்ந்து அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, அதன் மூலக்கூறு அமைப்பை 1956-ல் வெளியிட்டார். வெடெலோலாக்டோன் என்று பெயர். வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் அது இருக்கிறது. முப்பது வருஷம் கழித்து, 1986-ல், மியூனிக்கின் ஹில்டெபர்ட் வாக்னர் குழு இரண்டு கரிசலாங்கண்ணிகளிலும் கல்லீரல் செல்களைக் காப்பது முக்கியமாக வெடெலோலாக்டோன் வகைப் பொருள்களே என்று காட்டியது. இதுவும் ஆய்வக முடிவுதான். ஆனால் ‘கல்லீரலுக்கு நல்லது’ என்ற சொல்லுக்குப் பின்னால் எந்தப் பொருள், அது என்ன செய்கிறது என்றாவது இங்கே தெரிகிறது.

சீனர்கள் இதே வழியில் கடைசிப் படிவரை ஏறியதற்கும் சூரியகாந்திக் குடும்பத்திலேயே சாட்சி உண்டு. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் என்பவர் காய்ச்சலுக்கு ஒரு மாசிப்பச்சை இனத்துச் செடியைக் கொதிக்கவைக்காமல் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்னார். கொதிக்கவைத்தால் மருந்து கெடுகிறதோ என்று அந்த வரியில் ஒரு பொறி தட்டியது தூ யூயூவுக்கு. 1972-ல் அவர் குழு பிரித்தெடுத்த ஆர்ட்டிமிசினின் மலேரியாவை அடக்கியது. 2015-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. பரிசு வாங்கித் தந்தது பழைய ஏடு மட்டுமல்ல. ஏட்டின் சொல்லைச் சந்தேகப்பட்டு, நூற்றுக்கணக்கான சாறுகளை எலிகளிலும் பிறகு மனிதர்களிலும் சோதித்த உழைப்பும்தான்.

தமிழ்நாட்டுக்கு அப்படி ஒரு வாய்ப்பு கீழாநெல்லியில் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பெற்ற பரூக் புளூம்பெர்க்கோடு சேர்ந்து 1988-ல் ‘லான்செட்’ இதழில் ஒரு முடிவை வெளியிட்டார். வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி. மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் வேறு நாடுகளில் செய்தபோது அதே விளைவு வரவில்லை. எல்லாச் சோதனைகளையும் கூட்டிப் பார்த்த 2011-ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வு, நம்பும்படியான சான்று இல்லை என்று முடித்தது. நம்மூர்ப் பெருமையில் ஒரு பிடி குறைந்தால் என்ன, நோயாளிக்கு உண்மை தெரிந்தது.

டான்டெலியன் பொட்டலத்துக்கே திரும்புவோம். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த இலை ஆகாது. கே வைட்டமின் மருந்தின் வேலையைக் கெடுக்கும். பித்தப்பையில் கல், பித்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்கள் தொடவே கூடாது. நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். சாமந்திப்பூ பட்டால் தும்மலும் அரிப்பும் வருகிறவர்களுக்கு அதே குடும்பத்து டான்டெலியனும் கரிசலாங்கண்ணியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

வரப்பில் பறிப்பதிலும் இப்போது ஒரு சிக்கல். நெல்லுக்குக் கரிசலாங்கண்ணி களை. வேளாண் பல்கலைக்கழகத்தின் நெற்களைப் பட்டியலிலேயே அதன் பெயர் உண்டு. நேரடி விதைப்பு பெருகி, களை பறிக்க ஆள் கிடைக்காத நிலையில் பிரெட்டிலாகுளோர், பிஸ்பைரிபாக் சோடியம் என்று களைக்கொல்லி அடிப்பது டெல்டாவில் சாதாரணம். மருந்தடித்த வயலின் ஓரத்தில் தழைத்து நிற்பதைக் கீரையாக்குவது புத்திசாலித்தனமல்ல. கொல்லையிலோ தொட்டியிலோ ஒரு தண்டை ஒடித்து ஈர மண்ணில் ஊன்றினால் வேர் பிடித்துவிடும். வீட்டுக்கு அது போதும்.

காமாலை என்று கண் மஞ்சளித்தால் அதெல்லாம் பிறகு. முதலில் ரத்தப் பரிசோதனை. பிலிருபின் எவ்வளவு, காரணம் ஏ வைரஸா, பி வைரஸா, எலிக்காய்ச்சலா, பித்தக்குழாய் அடைப்பா என்று தெரிய வேண்டும். வயலில் இறங்கும் ஊரில் எலிக்காய்ச்சல் சந்தேகம் எப்போதும் வேண்டும். ஏ வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகும். அந்தப் பேரைத்தான் பல கைமருந்துகள் தட்டிச்செல்கின்றன.

பி வைரஸிடமிருந்து கல்லீரலைக் காக்கச் சோதனைகளில் கேள்விக்கிடமின்றித் தேறியது தடுப்பூசி. அதற்கு வழிவகுத்தவர், கீழாநெல்லிக் கட்டுரையில் கையெழுத்திட்ட அதே புளூம்பெர்க். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. பிறகு 6, 10, 14-ஆவது வாரங்களில் ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் ஊசிக்குள் அது அடக்கம். 2011 டிசம்பரில் அந்த ஊசியை நாட்டிலேயே முதலில் தொடங்கிய இரண்டு மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று, கேரளா மற்றொன்று. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் காசு வாங்குவதில்லை.